பள்ளிக்கூடத்துக்கும் ஷிப்டா?

செட்டிகுளத்தில் வெங்காயம் பறிக்கும் பருவம் வந்துவிட்டால், பொழுது பலபலவென்று விடிவதற்குள் தெரு காலியாகிவிடும். கையில் தூக்குச் சட்டி, தண்ணீர்ப் பாட்டில், தலையில் சுற்றிய பழைய துண்டு. பெண்கள் கூட்டம் கூட்டமாகக் காட்டை நோக்கி நடப்பார்கள். தூரத்து ஊர் என்றால் குட்டியானை வண்டியில் நெருக்கியடித்து நின்றுகொண்டு போவார்கள். வெங்காயத்தைப் பிடுங்கி, தாள் அறுத்து, பட்டறை போடுகிற வரைக்கும் வேலை அவர்களுடையது. வெயில் ஏறுவதற்குள் பாதி வேலை முடிந்தாக வேண்டும். ஆகவே ஏழு மணிக்குக் காட்டில் நிற்க வேண்டும். தாமதமாக வருகிறவளுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது.

சங்க வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தபோது டீக்கடையில் ஒருவர் பத்திரிகைச் செய்தி ஒன்றைச் சொன்னார். பெரிய நகரங்களில் வாகன நெரிசல் தாங்கவில்லையாம். அதனால் எல்லாப் பள்ளிகளையும் ஒரே நேரத்தில் திறக்காமல், ஒரு வகுப்பை ஏழரைக்கும் இன்னொரு வகுப்பை பத்து மணிக்குமாகப் பிரித்து வைக்கலாம் என்று யோசிக்கிறார்களாம். பார்சல் டீ வாங்க வந்த ஒரு தாய் அதைக் கேட்டுவிட்டு நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தோழரே, பெரியவன ஏழரைக்கும் சின்னவள பத்து மணிக்கும் வரச் சொன்னா, நான் எந்நேரத்துக்குங்க காட்டுக்குப் போறது? ஏழு மணி தாண்டிப் போனா, இன்னிக்கு ஆள் சேந்துடுச்சு, நாளைக்கு வான்னுடுவாங்க."

இந்தக் கேள்விக்கு எந்த நிபுணர் குழுவின் அறிக்கையிலும் பதில் இல்லை. பதில் இல்லை என்பதற்காக அது அற்பமான கேள்வி ஆகிவிடாது. பள்ளிக்கூட மணி எப்போது அடிக்க வேண்டும் என்பது கல்வி இலாகாவின் சொந்த விவகாரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது உழைப்பாளி வீட்டின் அடுப்பையும், கூலியையும், வயசுப் பெண்ணின் பாதுகாப்பையும் தொடுகிற விஷயம். தமிழ்நாட்டின் சரித்திரத்தில் ஒரு மந்திரிசபையையே ஆட்டி வைத்த விஷயமும் அதுதான். இளைய தோழர்கள் பலருக்கு அந்தக் கதை பெயரளவில்தான் தெரியும். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும்.

1952ம் வருஷப் பொதுத் தேர்தலில் சென்னை ராஜ்யச் சட்டசபையின் 375 ஸ்தானங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152தான். கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் ஜெயித்தார்கள். மக்கள் காங்கிரசுக்குப் பெரும்பான்மை தரவில்லை. ஆனாலும் ராஜாஜி முதல் மந்திரியானார். எந்தத் தொகுதியிலும் நின்று ஓட்டுக் கேட்டு வந்தவரல்ல அவர். கவர்னரின் நியமனத்தால் மேல்சபைக்குள் நுழைந்து, அங்கிருந்து நாற்காலியில் அமர்ந்தார். அடுத்த வருஷம், 1953 ஜூனில், பள்ளிகள் திறக்கிற வேளையில், அவர் மந்திரிசபை கிராமப்புறங்களில் ஒரு புதிய ஆரம்பக் கல்வித் திட்டத்தைப் புகுத்தியது. சர்க்கார் காகிதத்தில் அதற்குப் பெயர் திருத்திய ஆரம்பக் கல்வித் திட்டம். ஜனங்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது: குலக்கல்வித் திட்டம்.

திட்டத்தின் சாரம் இதுதான். நாள் ஒன்றுக்கு ஐந்து மணி நேரமாக இருந்த படிப்பு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்படும். பிள்ளைகள் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்படுவார்கள். ஒரு பிரிவு காலையில் வரும், மற்றது பிற்பகலில் வரும். இரண்டுக்கும் வாத்தியார் அவரேதான். மீதிப் பொழுதில் பிள்ளை என்ன செய்வது? தகப்பன் செய்கிற தொழிலைக் கூட இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளையானால் தாயிடம் வீட்டு வேலை கற்றுக்கொள்ள வேண்டும்.

சர்க்கார் சொன்ன காரணங்கள் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தன. பணமில்லை, கட்டிடமில்லை, வாத்தியார்கள் போதவில்லை. இருக்கிற கட்டிடத்தையும் இருக்கிற வாத்தியாரையும் இரண்டு தடவை உபயோகித்தால் இரட்டிப்புப் பிள்ளைகள் படிக்கலாம். சுதந்திரம் வந்து ஆறு வருஷம்கூட ஆகாத நாடு. 1951ம் வருஷக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் எழுத்தறியாதவர்கள். பிள்ளைகள் அத்தனை பேரையும் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் ஏட்டில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ஒவ்வொரு பிள்ளையின் படிப்பிலும் ஐந்தில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஒரு படி அரிசியில் எட்டுப் பேருக்குச் சோறு போட வேண்டுமென்றால் அரிசியைக் கூட்ட வேண்டும். கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிவிட்டு, எல்லோருக்கும் ஊற்றியாயிற்று என்று சொல்வது கணக்கு ஆகுமா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஷிப்டு முறை யாருக்கு? முனிசிபாலிட்டிகளில் வசிக்கிற வக்கீல் பிள்ளைக்கும் டாக்டர் பிள்ளைக்கும் முதலில் இல்லை. கிராமத்துப் பிள்ளைக்குத்தான். டாக்டர் மகன் மத்தியானம் தகப்பனோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடக் கற்றுக்கொள்ளட்டும் என்று யாரும் சொல்லவில்லை. அம்பட்டர் மகன் கத்தியைப் பிடிக்கட்டும், குயவர் மகன் சக்கரத்தைச் சுற்றட்டும், சக்கிலியர் மகன் தோலைத் தைக்கட்டும் என்றுதான் திட்டம் பேசாமல் பேசியது. ஜாதிக்கு ஒரு தொழில் என்று வைத்திருக்கிற சமுதாயத்தில், தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்று சர்க்கார் உத்தரவு போட்டால் அதற்கு வேறு அர்த்தம் இருக்க முடியுமா?

சரி, தொழில் என்று ஒன்று உள்ளவர்கள் கதை இது. நிலமில்லாத விவசாயத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை எந்தத் தொழிலைக் கற்பது? இதை எழுதுகிறவனின் தகப்பனாருக்கு அப்போது ஏழு வயது. காலைப் பிரிவில் போட்டிருந்தார்கள். படிப்பு முடிந்து வந்ததும் மாடு மேய்க்கப் போவார். மாடு அவருடையதல்ல, பண்ணையாருடையது. முன்பெல்லாம் பண்ணை ஆள் வந்து கூப்பிட்டால், "பையன் பள்ளிக்கூடம் போயிருக்கான் சாமி" என்று பாட்டி சொல்லித் தப்பித்துக்கொள்வாளாம். அந்த வருஷம் அந்தப் பேச்சு செல்லவில்லை. "மத்தியானம் பள்ளிக்கூடம் கெடையாதே, எனக்குத் தெரியாதா?" என்று பதில் வந்ததாம். கூலி என்று தனியாக எதுவும் இல்லை. சாயங்காலம் ஒரு குவளைக் கூழ். அதுதான் அவர் கற்றுக்கொண்ட தொழில். தகப்பனார் இதைக் கோபமாகச் சொன்னதே இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பை நம்மால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

பள்ளிக்கூடம் ஏழைப் பிள்ளைக்கு எழுத்தை மட்டும் தருவதில்லை. பகல் முழுவதும் அவனைப் பண்ணையாரின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறது. அதனால்தான் படிக்கத் தெரியாத தாய்மார்கள்கூட 1953ல் இந்தத் திட்டத்தின் உட்பொருளைப் படித்த மந்திரிகளைவிட வேகமாகப் புரிந்துகொண்டார்கள்.

எதிர்ப்பு எல்லாப் பக்கமிருந்தும் கிளம்பியது. திராவிடர் கழகம் எதிர்த்தது. அந்த ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்துக்கு எதிரானது. இன்னொரு முனை நமக்குப் பக்கத்திலுள்ள கல்லக்குடியில், டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி நடந்தது. கம்யூனிஸ்டுகள் சட்டசபைக்கு உள்ளேயும் வெளியேயும் எதிர்த்தார்கள். இரண்டு ஷிப்டு வேலை தலையில் விழுந்த வாத்தியார்கள் குமுறினார்கள். காங்கிரசுக்குள்ளேயே பலருக்குத் திட்டம் பிடிக்கவில்லை. 1953 ஜூலைக் கடைசியில் சட்டசபையில் ஓட்டெடுப்பு நடந்தபோது சபை ஏறக்குறையச் சரிபாதியாகப் பிளந்து நின்றது. திட்டத்தை நிபுணர் குழு ஒன்றின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

பேராசிரியர் பருலேகர் தலைமையில் குழு உட்கார்ந்தது. நவம்பரில் அறிக்கை கொடுத்தது. திட்டம் நல்ல திட்டம்தான் என்று நற்சாட்சிப் பத்திரமும் வழங்கிற்று! படித்தவர்களின் குழு ஒரு பக்கம், பிள்ளை பெற்றவர்கள் இன்னொரு பக்கம். கடைசியில் எது ஜெயித்தது? 1954 மார்ச்சில் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரலில் காமராஜர் முதல் மந்திரியானார். மே மாதத்தில் கல்வி மந்திரி சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார். ஒரு கல்வி வருஷம்கூட முழுதாக நீடிக்கவில்லை. இதற்குப் பின் 1956ல் மத்தியான உணவுத் திட்டம் வந்தது. பிள்ளையைப் பாதிப் பொழுதோடு வீட்டுக்கு அனுப்பிய சர்க்கார் போய், சோறு போட்டுப் பள்ளியிலேயே உட்கார வைக்கிற சர்க்கார் வந்தது. காமராஜர் ஆட்சியோடு நமக்கு இருந்த சண்டைகள் எத்தனையோ. அதற்காக இந்த வேற்றுமையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஆலைத் தொழிலாளிகளுக்கு இந்த அரை நேரப் பள்ளி என்பது புதிய சங்கதியல்ல. ராஜாஜிக்கு நூறு வருஷத்துக்கு முன்பே இங்கிலாந்தின் பஞ்சாலை முதலாளிகள் இதைக் கண்டுபிடித்தாயிற்று. 1844ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி 8 வயது முதல் 13 வயது வரையுள்ள பிள்ளை ஆலையில் ஆறரை மணி நேரம் வேலை செய்யலாம். நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கேயும் அதே மூன்று மணி நேரம்! காலையில் தறிக்கட்டையோடு ஓடிய பிள்ளை மத்தியானம் பெஞ்சில் தூங்கி விழுந்தது. அரை நேரக்காரர்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர். அந்த முறை முழுதாக ஒழிய 1918ம் வருஷத்துக் கல்விச் சட்டம் வர வேண்டியிருந்தது. நம் நாட்டில் வெள்ளைக்காரன் போட்ட 1891ம் வருஷச் சட்டம் 9 வயதுப் பிள்ளையை ஆலையில் 7 மணி நேரம் வேலை வாங்க அனுமதித்தது. அதோடு சேர்த்துப் படிப்பு கொடு என்று ஒரு வார்த்தை அதில் கிடையாது. அங்கே பெயருக்காவது மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், இங்கே அதுவும் இல்லை.

இந்த இடத்தில் நமக்குக் கசப்பான ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். லங்காஷயரில் அரை நேர முறையை ஒழிக்கப் பேச்சு வந்தபோது நீண்ட காலம் எதிர்த்தவர்களில் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கங்களும் உண்டு. பிள்ளை கொண்டுவருகிற சில ஷில்லிங் நின்றுபோனால் வீட்டு வாடகை யார் கொடுப்பது என்று அவர்கள் கேட்டார்கள். பெற்றோர் எதிர்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக எந்த எதிர்ப்பும் சரியானதாகிவிடாது. ஆனால் அந்தத் தகப்பன்மாரைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. பெரியவனின் கூலியைக் குறைத்து வைத்து, பிள்ளையின் கூலியையும் சேர்த்தால்தான் உலை கொதிக்கும் என்கிற நிலைமையை யார் உண்டாக்கினார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். இன்றைக்கும் வெங்காயப் பறிப்பில் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிற வீடுகள் உண்டு என்றால், அங்கேயும் கேள்வி கூலியைப் பற்றியதுதான்.

வேலையோடு படிப்பையும் சேர்ப்பது தப்பா, மார்க்சே அதை ஆதரித்தாரே என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்கிறவர்கள் உண்டு. ஆதரித்தார், உண்மைதான். அவர் கேட்டது, பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மனப்பயிற்சி, உடற்பயிற்சி, உற்பத்தி முறைகளின் பொது விஞ்ஞானம் மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கிற கல்வி. அந்தப் படிப்பு தொழிலாளி மகனை எந்தத் தொழிலுக்கும் தகுதியாக்கும். காந்தியடிகள் 1937ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் நூற்பும் நெசவும் பள்ளிக்கு உள்ளேதான், எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். 1953ம் வருஷத் திட்டமோ பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியே அனுப்பியது, அதுவும் அவனவன் பிறந்த வீட்டுக்கே அனுப்பியது. மூன்றும் ஒன்று என்று சொல்கிறவர் கத்தியும் கரண்டியும் இரும்புதானே என்று சொல்கிறவர்.

அந்தப் பழைய வாடை இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. 2023 செப்டம்பரில் மத்திய சர்க்கார் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டம் பள்ளி நேரத்தைப் பற்றியதல்ல, வயது வந்தவர்களுக்கான கடனும் பயிற்சியும்தான். ஆனால் 18 தொழில்களை எடுத்துக்கொண்டு குடும்ப வழித் தொழில் என்ற அடையாளத்தை அதில் வைத்தார்கள். அந்த நிபந்தனையை மாற்றாமல் ஏற்க முடியாது என்று 2024ல் தமிழ்நாடு அரசு சொன்னது. எழுபது வருஷத்துக்குப் பிறகும் தமிழ்நாட்டுக்காரன் காதில் அந்த வார்த்தை ஏன் முள்ளாகக் குத்துகிறது என்பது 1953ஐ அறிந்தவர்களுக்குப் புரியும்.

இன்று நகரங்களில் பேசப்படுகிற மாற்று நேரத்துக்குக் குலக்கல்வி நோக்கம் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறோம். இப்போது சொல்லப்படுவது தெருவும் பஸ்ஸும். 2012 டிசம்பரில் சென்னையில் பஸ் படிக்கட்டில் தொங்கிப் போன மாணவர்கள் நான்கு பேர் லாரியில் அடிபட்டு மாண்டார்கள். நாடே பதறியது. பள்ளி நேரத்தை மாற்றினால் நெரிசல் குறையும் என்று அப்போது ஒரு யோசனை கிளம்பியது. பிள்ளைகள் ஏன் தொங்கினார்கள்? பஸ்ஸில் இடமில்லாததால் தொங்கினார்கள். பஸ்ஸைக் கூட்டு என்பதுதானே முதல் பேச்சாக இருக்க வேண்டும்? மணியை மாற்று என்பது எப்படி முதல் பேச்சாகிறது? 2023ல் பெங்களூரில் நெரிசலைக் குறைக்கப் பள்ளி நேரத்தை முன்னே தள்ளலாமா என்று ஹைகோர்ட்டு யோசனையின் பேரில் கல்வி இலாகா ஆலோசனைக் கூட்டம் நடத்தியது. பெற்றோர்களும் பள்ளிக்காரர்களும் கைவிரித்துவிட்டார்கள். தெருவை அடைத்து நிற்பவை கார்கள். ஆனால் விடியற்காலையில் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட வேண்டியது ஆறு வயதுப் பிள்ளையாம்!

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் நடந்தது இன்னும் படிப்பினை நிறைந்தது. 2017 டிசம்பரில் அந்நகரப் பள்ளி நிர்வாகம் பெரும்பாலான பள்ளிகளின் நேரத்தை ஒரே மூச்சில் மாற்றி அறிவித்தது. பெயர்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த கணக்கு அது. வாலிபப் பிள்ளைகளுக்குக் காலையில் கூடுதலாகத் தூக்கம் கிடைக்கும், பள்ளி பஸ் செலவும் மிச்சமாகும் என்றார்கள். வாலிபர்களுக்குத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம்தான். ஆனால் அதே பஸ் இரண்டு நடை ஓட வேண்டுமே! அதற்காகச் சின்னப் பிள்ளைகளின் பள்ளிகள் பலவற்றைக் காலை 7.15க்குத் தொடங்கி, பகல் 1.15க்கு முடிக்கத் தீர்மானித்தார்கள். ஒன்றேகால் மணிக்கு வெளியே வரும் ஆறு வயதுப் பிள்ளையை யார் கூட்டிப்போவது? தாய் ஓட்டலிலோ ஆஸ்பத்திரியிலோ வேலையில் இருக்கிறாள். பெற்றோர்கள் திரண்டுவிட்டார்கள். கூட்டங்களில் அதிகாரிகளைக் கேள்விமேல் கேள்வி கேட்டுத் திணறடித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் திட்டம் வாபஸ் ஆயிற்று.

அந்தக் கம்ப்யூட்டர் கணக்கில் பிழை இருந்ததாகச் சொல்ல முடியாது. பஸ் எத்தனை, தெரு எத்தனை, பெட்ரோல் எவ்வளவு என்று எல்லாம் உள்ளே போட்டிருந்தார்கள். தாய்க்கு வேலை எத்தனை மணிக்கு என்பதை மட்டும் போடவில்லை. செட்டிகுளத்துத் தாய் டீக்கடையில் கேட்ட அதே கேள்வியைப் பாஸ்டன் தாய் இங்கிலீஷில் கேட்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் தோழர்கள் நடத்திய ஆட்சியும் இதில் முழுதாகத் தப்பவில்லை. 2025ல் கேரளத்தில் அன்றைய இடது ஜனநாயக முன்னணி அரசு உயர்நிலைப் பள்ளி நேரத்தைக் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி கூட்டி, 9.45 முதல் 4.15 வரை என்று வைத்தது. அங்கே நடந்தது படிப்பைக் கூட்டுவது, வெட்டுவது அல்ல. ஆகவே 1953ஓடு அதை ஒப்பிடக் கூடாது. ஆனாலும் காலை மதரஸாவுக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு ஓடும் பிள்ளைகளின் பெற்றோர் சார்பில் முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. நேரம் நியாயமானதாகவே இருக்கட்டும். வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு அறிவிப்பது ஒன்று. அறிவித்துவிட்டுப் பேச உட்காருவது வேறு. முன்னதுதான் நமக்கு அழகு.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 நாள், 800 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். பள்ளியை இரண்டு ஷிப்டாக்கி மூன்று மணி நேரம் வைத்தால் 200 நாளில் 600 மணி நேரம்தான் தேறும். பெரிய வகுப்புக்கு 660. முதலாவதில் 200 மணி நேரம் திருட்டு, இரண்டாவதில் 340 மணி நேரம். ஆகவே ஷிப்டு என்ற பேச்சை யார் எடுத்தாலும், எத்தனை மணி நேரம் படிப்பு என்று முதலில் கேளுங்கள். கொரோனா காலத்தில் மூடிக் கிடந்த பள்ளிகள் 2021 நவம்பர் 1ல் சின்ன வகுப்புகளுக்குத் திறந்தபோது பிள்ளைகளைப் பிரித்து முறை வைத்து வரச் சொன்னார்கள். நோய்க்குப் பயந்து செய்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வராத நாளில் செல்போன் உள்ள வீட்டுப் பிள்ளை ஏதோ படித்தது, இல்லாத வீட்டுப் பிள்ளை ஆடு மேய்த்தது. முறை வைத்தால் யார் தலையில் விடிகிறது என்பதை நாம் கண்ணால் பார்த்தாயிற்று.

சோற்றையும் மறக்க வேண்டாம். 2022 செப்டம்பர் 15ல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசு ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் பள்ளி தொடங்குவதற்கு முன் பிள்ளைக்கு உப்புமாவோ பொங்கலோ தருகிறது. ஏழு மணிக்குக் காட்டில் நிற்க வேண்டிய தாய்க்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அரிசி விலை தெரியாதவர்களுக்குப் புரியாது. பள்ளி ஏழரைக்கு என்றால் அந்தச் சமையல்காரப் பெண் எத்தனை மணிக்கு அடுப்புப் பற்ற வைப்பாள்? அவளுக்கும் வீடு உண்டு, பிள்ளை உண்டு. இரண்டாவது ஷிப்டில் பத்துக்கோ பன்னிரண்டுக்கோ வருகிற பிள்ளைக்குக் காலைச் சோறு எது, மத்தியானச் சோறு எது? ஒரு வேளையை வெட்டிவிட இதைவிட வசதியான வழி கிடையாது.

பிறகு பஸ். கிராமத்துப் பிள்ளைக்கு இலவச பஸ் பாஸ் கையில் இருக்கிறது. ஆனால் பல ஊர்களுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றுதான் டவுன் பஸ் வருகிறது. மணியை மாற்றினால் பஸ்ஸும் கூடவே மாறுமா? மாறாவிட்டால் பதின்மூன்று வயதுப் பெண் இருட்டில் ரோட்டோரம் நிற்க வேண்டும், அல்லது பள்ளி விட்ட பிறகு இரண்டு மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாலு நாள் பார்ப்பார்கள். அஞ்சாம் நாள், "நீ வீட்டோடு இரு" என்பார்கள். பெண் பிள்ளையின் படிப்பு பல வீடுகளில் இப்படித்தான், யாரும் தீர்மானிக்காமலே நின்றுபோகிறது.

ஆலைப் பகுதியில் வேறு தினுசான தொல்லை. அரியலூர் சிமெண்ட் ஆலையிலோ எறையூர் சர்க்கரை ஆலையிலோ ஷிப்டில் வேலை செய்கிற தொழிலாளிக்கு ஷிப்டு என்றால் என்னவென்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி என்று உடம்பு ஒரு நிலைக்கு வருவதற்குள் மாறிவிடும். வீட்டில் நிலையாக இருக்கிற ஒரே கடிகாரம் பிள்ளையின் பள்ளிக்கூட மணி. அதையும் பிள்ளைக்கு ஒன்றாக உடைத்தால் தகப்பன் உறங்க வந்த நேரத்தில் ஒருவன் கிளம்புவான், அவன் திரும்புகிற நேரத்தில் இன்னொருத்தி கிளம்புவாள். தாய் மூன்றாவது ஷிப்டும் பார்க்க வேண்டியதுதான்.

எந்த மாற்றமும் கூடாது என்று நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. கோடை வெயில் கொளுத்துகிறபோது பள்ளியைக் காலையில் சீக்கிரம் முடிப்பது நியாயம். மழைக்காலத்தில் ஓடை கடந்து வருகிற பிள்ளைக்காக அரை மணி தள்ளி வைப்பதும் நியாயம். அந்தந்த ஊர் பேசித் தீர்மானிக்கட்டும். ஆனால் ஊர் பேசுவதற்கு இடம் எங்கே இருக்கிறது? சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். காகிதத்தில் அருமையான ஏற்பாடு. கூட்டத்தை மட்டும் வேலை நாளில் பகல் பொழுதில் போட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்த விவசாயத் தொழிலாளிப் பெண் வருவாள்? கையெழுத்து மட்டும் பிற்பாடு வீட்டுக்கு வந்து வாங்கப்படுகிறது. இதில் நம் சங்கத்தின் தவறும் இருக்கிறது. கூலி உயர்வுக்கு ஊர்வலம் போகிறோம், பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்காருகிறோம். பள்ளிக் குழுவில் நம் ஆள் யார் என்று எத்தனை கிளைகளில் கேட்டிருக்கிறோம்? நாம் காலி செய்து வைத்த நாற்காலியில் காண்டிராக்டர் உட்கார்ந்திருக்கிறார்.

வருகிற கிளைக் கூட்டத்தில் மற்ற அலுவல்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் யார், கடைசியாக எப்போது கூடியது என்று விசாரியுங்கள். கூட்டத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ போட வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பிள்ளைகள் ஏறுகிற பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை பேர் தொங்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிக் குறித்து, அந்தக் கணக்கைப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடமும் கிராம சபையிலும் கொடுங்கள். எண்ணுகிற வேலையைப் பிள்ளைகளிடமே விடலாம். அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.